ஊரையே குற்றவாளியாக்கும் வழக்குகள்

வட்டக்கோட்டையிலிருந்து கரையோடு கிழக்கே போனால் சிறிது தூரத்திலேயே குமரி மாவட்டம் முடிந்து நெல்லை மாவட்டம் தொடங்கிவிடும். கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி என்று அடுத்தடுத்து மீனவர் ஊர்கள். கடல் வழியே வரும் எதிரியைத் தடுக்க 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு வட்டக்கோட்டையைக் கட்டியது. 2011, 2012-ஆம் ஆண்டுகளில் இந்தக் கரையில் வாழ்ந்த மக்களையே அரசு தன் எதிரிகளாக எழுதிவைத்தது. கூடங்குளம் அணு உலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது குவிந்த வழக்குகளைத்தான் சொல்கிறோம். மூத்த பத்திரிகையாளர் சாம் ராஜப்பா தலைமையிலான உண்மை அறியும் குழு 2012-இல் தந்த கணக்கின்படி, 107 முதல் தகவல் அறிக்கைகளில் சேர்க்கப்பட்டவர்கள் 55,795 பேர். அதில் 6,800 பேர் மீது தேசத்துரோகம், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல் ஆகிய பிரிவுகள் பாய்ந்தன.

இத்தனை பேரை எப்படிச் சேர்க்க முடிந்தது? போராட்டக் குழுவினர் சிலரின் பெயரை எழுதிவிட்டு, ‘மற்றும் 2,000 பேர்’ என்பதுபோல் ஓர் எண்ணைப் போட்டால் வேலை முடிந்தது. அந்த இரண்டாயிரத்தில் யாரை எப்போது சேர்ப்பது என்பது காவல் நிலையத்தின் விருப்பம். பெயர் வராதவரும் பயந்துகொண்டே இருக்க வேண்டும். வன்முறைக்குத் தூண்டினால் மட்டுமே தேசத்துரோகம், அரசைக் கடுமையாக விமர்சிப்பது தேசத்துரோகம் ஆகாது என்று கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. தேசத்துரோக வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டுமானால் அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது அன்று நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 196-ஆவது பிரிவு. ஆனால் எஃப்ஐஆர் போட யாருடைய அனுமதியும் வேண்டாம். இந்த இடைவெளியில்தான் அதிகாரம் விளையாடியது. நீதிமன்றத்துக்குப் போனால் நிற்காத வழக்கை, நீதிமன்றத்துக்கே கொண்டுபோகாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்திருக்கலாம். தண்டனை வாங்கித் தருவதற்காகப் போடப்பட்ட வழக்குகள் அல்ல இவை. வழக்கே தண்டனை.

அந்தத் தண்டனையை அதிகம் அனுபவித்தவர்கள் இளைஞர்கள். வளைகுடா நாடுகளுக்கு மீன்பிடி வேலைக்கும் கப்பல் வேலைக்கும் போவது இந்தக் கரையில் பல குடும்பங்களின் பிழைப்பு. பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தால் போலீஸ் விசாரணை வரும், ‘வழக்கு நிலுவையில் உள்ளது’ என்று அறிக்கை போகும், பாஸ்போர்ட் வராது. 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள குற்ற வழக்கைத்தான் தடையாகச் சொல்கிறது; காவல் நிலையத்து எஃப்ஐஆரை அல்ல. சட்டம் தராத அதிகாரத்தைக் காவல் துறை தானாக எடுத்துக்கொண்டு, போராட்டத்துக்கு வந்த பையனின் பிழைப்பில் கை வைத்தது.

போராட்டத்தில் கல்வீச்சு நடக்கவில்லையா, போலீசார் காயப்படவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கல்லெறிந்தவர் மீது வழக்குப் போடட்டும். சட்டவிரோதமாகக் கூடுதல், அரசு ஊழியரைத் தாக்குதல் என்று அதற்கெனப் பிரிவுகள் உண்டு. எறிந்தவர் யாரென்று கண்டுபிடிப்பது காவல் துறையின் கடமை. கண்டுபிடிக்க முடியாததால் கரையில் நின்ற எல்லோரையும் தேசத்துரோகி ஆக்குவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? 2012 செப்டம்பர் 10 அன்று இடிந்தகரைக் கடற்கரையில் கண்ணீர்ப் புகைக்குத் தப்பிப் பெண்கள் உட்படப் பலர் கடலில் இறங்கினார்கள். அதே நாளில் மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், உலையை உச்ச நீதிமன்றமே அனுமதித்துவிட்டது என்பது இன்னொரு வாதம். உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் நாஞ்சில் நாட்டிலேயே இரண்டு கருத்து உண்டு. இங்கே பேச்சு அதைப் பற்றியதல்ல. 2013 மே 6 அன்று உலையை அனுமதித்த அதே தீர்ப்புதான், அமைதி திரும்பப் போராட்டக்காரர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. தீர்ப்பின் ஒரு பாதியை உடனே நிறைவேற்றிய அரசு, மறுபாதியைத் தவணை முறையில் நிறைவேற்றியது. மீதி வழக்குகளைக் கைவிடுவதாக அறிவிப்பு வர 2021 ஆயிற்று. எட்டு ஆண்டுகள்!

அந்த அறிவிப்பும் பெருந்தன்மையாகத்தான் காட்டப்பட்டது. ஆதாரமில்லாமல் ஒருவரைத் தேசத்துரோகி என்று எழுதியது தவறென்றால், எழுதியவரும் எழுதச் சொன்னவரும் பதில் சொல்ல வேண்டும். இப்படி எழுதியதற்காகத் தண்டனை பெற்ற அதிகாரி என்று யாரையும் நாம் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் இந்த வழி இன்னும் திறந்தே கிடக்கிறது. தேசத்துரோகத்துக்கான பழைய 124ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022-இல் நிறுத்திவைத்தது உண்மை. ஆனால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு, ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய அதே ஆயுதத்தை வேறு பெயரில் வைத்திருக்கிறது.

குமரிக் கரைக்கு இது பழைய கதை அல்ல. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிராகக் கடலோர ஊர்கள் எழுந்து நிற்கின்றன. நாளை அங்கே கூட்டம் கூடும்போது காவல் நிலையத்தில் என்ன எழுதப்படும் என்பது இன்றே முடிவாக வேண்டும். போராட்ட வழக்குகளில் பெயரில்லாத வெறும் எண்ணிக்கையை எழுதக் கூடாது. 90 நாளில் அடையாளம் காணப்படாதவர்கள் அந்த வழக்கிலிருந்து நீங்கிவிட வேண்டும். நீதிமன்றம் ஏற்காத எஃப்ஐஆரைப் பாஸ்போர்ட் விசாரணையில் காட்டக் கூடாது. அரசுக்கு எதிரான குற்றப் பிரிவுகளைச் சேர்க்கும் அதிகாரி காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. உள்துறையின் ஓர் அரசாணை போதும். அதை அரசு உடனே பிறப்பிக்க வேண்டும்.