ஓரத்தை ஏன் கடைசியில் வைக்கிறீர்கள்?

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் கோபமான பதிவு.

ஹைதராபாத்தில் என்னோடு கைத்தையல் போர்வை ஆரம்பித்த ஐடி ஜனங்களில் பாதிப் பேருடையது இன்னும் பரணில்தான் கிடக்கிறது. துண்டு வெட்டியாச்சு, இணைச்சாச்சு, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து மூணு அடுக்கையும் சேர்த்துத் தைச்சாச்சு. ஓரம் மட்டும் பாக்கி. வகுப்பு எடுக்கிற அம்மணியைக் கேட்டால், "உங்களுக்கெல்லாம் பொறுமையே கிடையாது" என்கிறார். ஒரு பிழையைக் கண்டுபிடிக்க ராத்திரி முழுக்க உட்காருகிற ஜனத்துக்குப் பொறுமை இல்லையாம்!

கணக்குப் போடுவோம். 60க்கு 90 அங்குலப் போர்வைக்குச் சுற்றளவு 300 அங்குலம். இரண்டரை அங்குலப் பட்டையை வெட்டி, மடித்து, முன்பக்கம் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங். அங்குலத்துக்கு 8 தையல் என்றாலே 2400. நாலு மூலையிலும் 45 டிகிரி மடிப்பு வேறு. மொத்தப் போர்வையும் மடியில் கனக்க, இந்த ஊர் மே மாதத்தில்!

அதைவிடப் பெரிய அநியாயம் வரிசைதான். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தைக்கச் சொல்கிறார்கள். சுருக்கம் உள்ளே மாட்டாதிருக்கத்தான், நியாயமே. ஆனால் தள்ளிக்கொண்டே போன தொளதொளப்பெல்லாம் எங்கே போகும்? ஓரத்துக்குத்தான். கை ஓய்ந்த நேரத்தில், எல்லாக் கோணலும் வந்து சேர்ந்த இடத்தில், இருப்பதிலேயே நுணுக்கமான வேலை. புதுசாகக் கற்பவர் கைவிடாமல் என்ன செய்வார்?

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. சித்தி மக்களை இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஏ.சி. கார்ட்ஸ் என்ற பேட்டையின் பெயரே நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படையிலிருந்து வந்ததுதான். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் இருக்கும் சித்திப் பெண்கள் தைப்பதன் பெயர் கவண்டி. பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தை மடித்துக்கொண்டே துண்டுகளை வைத்து ஓட்டுத் தையல் போட்டுச் சுற்றிச் சுற்றி உள்ளே வருகிறார்கள். துணி எங்காவது உப்பினால் அடுத்த துண்டு அதை அமுக்கிவிடும். கடைசியில் நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியில் 'பூ'. பூ இல்லாத கவண்டி அவர்களுக்கு உடுத்தாத கவண்டி. பட்டையும் கிடையாது, 45 டிகிரியும் கிடையாது. கலை வரலாற்றாளர் ஹென்றி ட்ரூவல் 2004இல் அவர்களோடு வேலை செய்து, பிறகு இதைப் பற்றிப் புத்தகமே போட்டார்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தெலுங்கு வீடுகளில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் பொந்த இருக்கிறதே! தோய்த்துத் தோய்த்து நைந்த பருத்தி ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், பாலியெஸ்டர் பஞ்சு மாதிரி வழுக்காது. இதை வகுப்பில் சொன்னதற்கு, "அது பொந்தங்க, குவில்ட் இல்லை" என்று ஒரே சிரிப்பு. சுழல் கத்தி, கோடு போட்ட பலகை, புதுத் துணி என்று ஆயிரக்கணக்கில் வாங்கினால்தான் குவில்ட் போலிருக்கிறது! அம்மாவின் சேலையைத் தைத்தால் ஏழை வீட்டுச் சமாச்சாரம். அதே கவண்டி அமெரிக்க அருங்காட்சியகத்தில் தொங்கினால் மட்டும் வாய் பிளப்பீர்களாக்கும்.

என் இரண்டாவது போர்வையை மூலையிலிருந்துதான் ஆரம்பித்தேன். ஓரம் முதல் மாசமே முடிந்துவிட்டது. நடுவில் ஒரு முழம் பாக்கி இருக்கிறது. இந்த டிசம்பர் குளிருக்கு அப்படியே போர்த்திக்கொண்டு தூங்குகிறேன் :-)