கல் படிக்கும் காலை

பெங்களூரில் காசு செலவில்லாத சந்தோஷம் ஏது என்று அலுத்துக்கொள்பவர்களை ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்புவேன். போகும் வழியில் ஒரு காபி. அந்தச் செலவு கணக்கில் வராது. 1809இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு (கன்டோன்மென்ட்) அமைத்தபோது, பட்டாளத்தோடு சென்னை மாகாணத்திலிருந்து தமிழர்களும் திரளாக வந்தார்கள். அந்தத் தண்டு ஊர் எப்படி உருவானது என்பதைப் பழைய கற்களில் உள்ள பெயர், படைப்பிரிவு, வயது ஆகியவற்றைக் கொண்டு ஊகித்துப் பார்ப்பதில் தனி ருசி இருக்கிறது. வரலாற்றுப் புத்தகத்தில் தளபதிகள்தான் வருவார்கள். இங்கே கைக்குழந்தைகளும் வருகிறார்கள்.

ஊரில் எல்லாக் கல்லும் இப்படித் தப்பவில்லை. திப்பு சுல்தானுக்கு எதிரான 1791 பெங்களூர் முற்றுகையில் மாண்ட ஆங்கிலேயப் படையினருக்கு மாநகராட்சி அலுவலகம் அருகே ஒரு நினைவுத்தூண் இருந்தது. 1964இல் இடித்துவிட்டார்கள். அந்நியர் சின்னம்தான், கோபமும் நியாயம்தான். ஆனாலும், தூணை விட்டுவைத்துப் பக்கத்தில் திப்புவின் வீரர்களுக்கும் ஒரு கல் நட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

கல்லறைத் தோட்டத்துக்குப் போவதானால் காலையில் போங்கள். சாய்ந்த வெயிலில்தான் தேய்ந்த எழுத்து தெரியும். தெரியவில்லையென்று சாக்பீஸ் மட்டும் தேய்த்துவிடாதீர்கள், கல் கெட்டுப்போகும்.