நம் கடற்கரையிலேயே இருக்கிறது

“மத்தியதரைக்கடல் உணவுமுறைக்கு ஆலிவ் எண்ணெய் வாங்கியே ஆகவேண்டுமா?” என இதய நோயாளிகளின் குடும்பத்தினர் வினவுகின்றனர். கடன்பட்டு வாங்க வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து.

1958-இல் தொடங்கிய ‘ஏழு நாடுகள் ஆய்வில்’, கிரேக்கத்தின் கிரீட் தீவினரிடையே இதயநோய் மிகக் குறைவாகக் காணப்பட்டது. அவர்கள் உண்டவை காய்கறி, பயறு, பழம், மீன். ஆலிவும் அவர்கள் மண்ணில் விளைந்ததே.

இனயம் கரையில் இறங்கும் சாளையிலும் ஒமேகா-3 கொழுப்பு நிறைந்துள்ளது. அதைப் பொரிக்காமல், தேங்காயைக் குறைத்துக் குழம்பாக வைப்போம். அளவான நல்லெண்ணெய் போதும். மரச்சீனியைக் குறைத்து, சிறுபயறும் முருங்கைக்கீரையும் கூட்டுவோம். இரத்த அழுத்தமுள்ளோர் கருவாட்டைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்ட பின்னரே உணவை மாற்ற வேண்டும்.

நோயாளிக்கென்று தனிச் சமையல் நெடுநாள் நிலைக்காது. வீட்டார் அனைவரும் சேர்ந்து உண்பதே நிலைக்கும்.