வீரனுக்கு ஏன் அரசகுலம்?

மதுரை வீரனைப் பற்றிப் புகைப்பட நூலொன்று வெளியிட முனைந்தோம். ஊரூராய்ச் சென்று எடுத்த படங்களைக் கண்டு மகிழ்ந்தார் பதிப்பாளர் ஒருவர். வழவழப்பான தாள், கெட்டி அட்டை, கூடத்து மேசைமீது வைத்து அழகு பார்க்கத்தக்க அளவு என்று அடுக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிறப்பு விவகாரம் மட்டும் வேண்டாம். காசி மன்னன் மகன் என்றே போட்டுவிடுங்கள்; தொல்லையில்லை" என்றார்.

தொல்லையில்லையாம்! யாருக்கு?

கதைப்பாடல் காட்டும் வீரன் யார்? செருப்புத் தைக்கும் குடும்பத்தில், அருந்ததியர் குடிசையில் வளர்ந்தவன். பொம்மண நாயக்கன் மகள் பொம்மியைக் காதலித்துக் கைப்பிடித்தவன். கள்வரை அடக்கத் திருமலை நாயக்கனின் மதுரைக்கு அழைக்கப்பட்டு, வேலை முடிந்ததும், வெள்ளையம்மாளைக் காரணங்காட்டி மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். இந்தக் கதைக்கு முன்னே ஓர் ஒட்டுத் துணி: அவன் அரசனுக்குப் பிறந்தானாம், கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டானாம்! அருந்ததிய மக்களோ அவனைத் தம் குடிப்பிறந்தவன் என்றே கொண்டாடுகின்றனர். ஆனால் புராண மூளைக்கு அது பொறுக்குமா? வீரம் இருக்கிறதா, அங்கே அரச குருதி இருந்தே தீரவேண்டும். ஆரியமாலையை விரும்பிக் கழுவேறிய காத்தவராயனுக்கும் இதே வைத்தியந்தான். அவனுக்குத் தேவப் பிறப்பு.

பிறரை மட்டும் சாடுவது நேர்மையன்று. 1956இல் வந்த 'மதுரை வீரன்' படத்தில் வீரனாக நடித்தவர் எம்.ஜி.ஆர்.; உரையாடல் தீட்டியவர் கண்ணதாசன்; வளர்ப்புத் தந்தையாய்த் தோன்றியவர் கலைவாணர். அதிலும் வீரன் அரசன் மகன்தான். நம்மவர் கை பட்டும் அந்த ஒட்டு பிரியவில்லை.

"பகுத்தறிவு பேசும் நீங்கள் சாமிக்கு நூல் போடுவதா?" என்று தோழர்கள் சிலர் சினக்கின்றனர். சாமிக்கன்று, தோழர்களே! கொலையுண்ட மனிதனுக்கு. கிடா வெட்டும் படமும் குறி கேட்கும் படமும் எங்களிடம் உண்டு. அவற்றைப் போற்றி ஒரு சொல்லும் எழுதோம். ஆனால் அரிவாளேந்திய அந்தச் சிலைக்குப் பின்னே ஒரு வெட்டு இருக்கிறது. அதை மறந்துவிட்டுச் சிலையை மட்டும் பழிப்பது பகுத்தறிவாகாது. 2016இல் உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி மாறி மணந்த இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். கண்காணிப்புக் கேமரா அதைப் பதிவு செய்தது, நாடே பார்த்தது. வீரனை வெட்டியபோது கேமரா ஏது? எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் மண்ணிலும் கல்லிலும் பாட்டிலும் பதிந்து வைத்தனர்.

மதுரை மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுர வாயிலருகே இருக்கிறது அவன் சன்னதி. வெட்டியவர்களே காவலுக்கும் நிறுத்திக்கொண்டார்கள்! அவனைத் தம்மவன் என்போர் அந்த வாயிலைத் தாண்டி உள்ளே செல்ல 1939 ஜூலை 8 வரவேண்டியிருந்தது. எங்கள் நூலின் முதற்படம் அந்த வாயில்தான். மன்னன் மகன் கதையையும் மறைக்கமாட்டோம்; யார், எதற்காக ஒட்டிய துணி அது என்ற எங்கள் கேள்வியோடு சேர்த்தே அச்சிடுவோம்.

பதிப்பாளர் குறித்த விலையைக் கேட்டபோது இன்னொன்றும் விளங்கிற்று. படத்தில் பறையடிப்பவர் பல நாள் கூலியைக் கொடுத்தாலன்றித் தம் முகத்தைத் தாமே காண முடியாது! படங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். கறுப்பு வெள்ளையில், சாதாரணத் தாளில், 64 பக்கம், 16 பக்கப் பாரங்கள் நான்கு; இவ்வளவே நம்மால் இயலும். படத்திலுள்ளோர் ஒவ்வொருவருக்கும் ஒரு படி இலவசம்.

படங்களின் கீழ் வரும் குறிப்புகளைச் சேரியில் படித்துக் காட்டினோம். ஒரு மூதாட்டி குறுக்கிட்டார்: "எங்க வீட்டுப் பிள்ளைன்னு எழுதுங்கப்பா." எழுதியாயிற்று. முதற்பாரம் அச்சுக்குப் போகிறது. மற்ற மூன்றுக்கும் தாள் வாங்க வேண்டும். முன்பணம் தரும் தோழர்கள் விரைக.