கத்திரி மாசத்துல குளிரில் விறைத்து இறந்த 21 ஓட்டக்காரர்கள்: மலை ஓட்டத்துக்குப் பேர் கொடுக்கும் முன் என்ன கேட்கணும்?

கத்திரி வெயில் கொளுத்தும் மே மாசம். அந்த மாசத்துல ஓட்டப் போட்டிக்குப் போன 21 பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள்னு காஞ்சிபுரத்துல யாரிடமாவது சொன்னால், "என்னங்க சொல்றீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆனால் இது உண்மையாகவே நடந்தது. 2021 மே 22. இடம், சீனாவின் கான்சு மாகாணத்தில் உள்ள மஞ்சள் ஆற்றுக் கல்வனம் என்ற சுற்றுலாப் பூங்கா.

ராஜ வீதிகளில் விடியற்காலையில் ஓடிப் பழகி, ஒரு மாரத்தான் முடித்து, "அடுத்து ஜவ்வாது மலைப் பக்கம் டிரெயில் ஓடலாமா?" என்று யோசிப்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் படிப்பது நல்லது.

அன்று என்ன நடந்தது?

மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டினாலே அல்ட்ரா என்பார்கள். இது 100 கிலோமீட்டர் போட்டி, அதுவும் மலைப்பாதையில். 172 பேர் கிளம்பினார்கள். காலையிலேயே தொப்பி பறக்கும் அளவுக்குக் காற்று. பலர் போட்டிருந்தது டி-சர்ட், ஷார்ட்ஸ்தான். ஓட ஆரம்பித்தால் உடம்பு சூடாகிவிடும் என்ற நம்பிக்கை.

சிக்கல் இரண்டாவது சோதனைச் சாவடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருந்தது. சுமார் 8 கிலோமீட்டர் தூரம், 1,000 மீட்டர் ஏற்றம். வண்டி போக முடியாத பாறைப் பாதை. மேலே போய்ச் சேர்ந்தாலும் சாப்பாடோ, சூடான தண்ணியோ, கீழே இறங்க ஒரு வழியோ கிடையாது. அங்கே ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் மதியம் ஆலங்கட்டி, உறைபனி மழை, சூறைக்காற்று எல்லாம் ஒன்றாக அடித்தது.

ஜாக்கெட் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் கட்டாயப் பொருள் பட்டியலில் அது இல்லை. அதனால் பலர் அதைப் பைக்குள் போட்டு, 62-வது கிலோமீட்டர் சாவடிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆபத்து வந்தது 30 கிலோமீட்டருக்கு முன்னாலேயே.

இறந்தவர்கள் புதியவர்கள் கிடையாது. சீனாவின் முன்னணி அல்ட்ரா ஓட்டக்காரர் லியாங் ஜிங் அவர்களில் ஒருவர். சொல்லப்போனால் வேகமாக ஓடியவர்கள்தான் முதலில் மாட்டினார்கள், புயல் வந்தபோது அவர்கள் மேலே இருந்தார்கள். மெதுவாக வந்த பலர் பாதியிலேயே திரும்பித் தப்பினார்கள். 6 பேரைக் காப்பாற்றியது ஜூ கெமிங் என்ற ஆடு மேய்ப்பவர். மழைக்கு ஒதுங்கிய குகைக்கு அவர்களைக் கூட்டிப் போய், தீ மூட்டி, போர்வை போர்த்திவிட்டார்.

ஓடுற உடம்பு எப்படிக் குளிரும்?

நம்ம ஊர் ஆட்களுக்கு இது புரியாத விஷயம்தான். உடம்பின் வழக்கமான வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். 35-க்குக் கீழே போனால் ஆபத்து. நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், காற்று அதை இன்னும் வேகப்படுத்தும். ஓடும்வரை தசை சூடு தரும். களைத்து நின்ற நிமிடத்தில் அந்த அடுப்பு அணைந்துவிடும். முதலில் நடுக்கம், பிறகு பேச்சு குழறும், புத்தி தடுமாறும். அந்த நிலையில் ஒருவரால் போனை எடுத்து உதவி கேட்பதே கஷ்டம்.

விசாரணை இதை இயற்கைச் சீற்றம் என்று மட்டும் சொல்லி மூடவில்லை. மோசமான ஏற்பாடும் காரணம் என்றது. அதிகாரிகள் மீது நடவடிக்கை, ஏற்பாட்டாளர்கள் கைது. மலை அல்ட்ரா போட்டிகளையே சீனா அப்போது நிறுத்தி வைத்தது.

நமக்கு இங்கே என்ன?

நமக்குக் குளிரைவிட வெயிலும் தீயும்தான் பயம். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. அது ஓட்டம் இல்லை, மலையேற்றம். காய்ந்த புல்லில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். அங்கேயும் வண்டி போகாத சரிவு, உதவி வர மணிக்கணக்கு. சீனாவில் பனி, குரங்கணியில் நெருப்பு. இரண்டு இடத்திலும் ஆளைக் கீழே கொண்டுவர வழி இல்லை.

அந்த விபத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். ஆனால் அது நடப்பதற்கு. கூட்டமாக நடக்கும்போது வழிகாட்டி உங்களைப் பார்த்துக்கொண்டே வருவார். போட்டியில் நீங்க தனியாக ஓடுவீர்கள், முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லாமல்.

அதனால் பணம் கட்டும் முன் மெடல், டி-சர்ட் எல்லாம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இரண்டு சாவடிக்கு நடுவே அதிகபட்ச தூரம் எவ்வளவு, அங்கே ஜீப்பாவது போகுமா என்று கேளுங்க. வானிலை மாறினால் போட்டியை நிறுத்த யாருக்கு அதிகாரம், அந்த முடிவு மலை மேல இருக்கிற ஓட்டக்காரருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்றும் கேளுங்க, செல்போன் சிக்னலை நம்பி மட்டும் பதில் சொன்னால் யோசிக்க வேண்டியதுதான். ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் யூடிஎம்பி போட்டியில் மழைத் தடுப்பு ஜாக்கெட், விசில், உயிர்காப்புப் போர்வை எல்லாம் கட்டாயம். ஜாக்கெட் விருப்பம் இருந்தால் போதும் என்று சொல்கிற இடத்திலும் அதைப் பையில் அனுப்பாமல் முதுகிலேயே வைத்துக்கொள்ளுங்க.

காப்புக்காடு வழியாகப் பாதை போனால் வனத்துறை அனுமதி தேவை. அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்க, அதில் எழுதியிருக்கும் பாதையும் போட்டி மேப்பும் ஒன்றுதானா என்றும் சரிபாருங்க.