தேர்தல் பணியும் செயற்கை நுண்ணறிவும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பழமொழி. செயற்கை நுண்ணறிவு வந்துற்ற இந்நாளில் அஃது எழுத்துக்கு எழுத்து உண்மையாகி நிற்கிறது. 2018இல் மறைந்த கலைஞர் மு. கருணாநிதி, 2024 ஜனவரியில் நூல் வெளியீட்டு விழாவொன்றில் திரையில் தோன்றி வாழ்த்துரைத்தார். 2016இல் மறைந்த செல்வி ஜெ. ஜெயலலிதாவின் குரல் அதற்கடுத்த மாதமே ஒலித்தது. இவை செயற்கைப் படைப்புகள் என்பதை மக்கள் அறிந்திருந்தனர். அறியாதபோது என்ன நேரும் என்பதே நம் கவலை.

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே அமைந்த விக்கிரவாண்டியில் 2024 ஜூலை 10 அன்று இடைத்தேர்தல் நடைபெற்றது. அத்தகைய நாளொன்றில், வாக்குச்சாவடித் தலைமை அலுவலரின் கைப்பேசியில் உயர் அதிகாரியின் குரலிலேயே, ‘வாக்குப்பதிவை உடனே நிறுத்துக’ என்றோர் ஆணை வருவதாகக் கொள்வோம். அவர் யாது செய்வார்? போலிப் பதிவுகள் குறித்துத் தெரியவந்த மூன்று மணி நேரத்திற்குள் கட்சிகள் அவற்றை நீக்கவேண்டும் எனத் தேர்தல் ஆணையம் 2024 மே 6 அன்று பணித்தது, நன்றே. ஆனால் வாக்குப்பதிவோ காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டுமே. மூன்று மணி நேரத்தில் வரிசையில் நின்றோர் வீடு திரும்பிவிடுவர்.

பயிற்சி வகுப்புகளில் ஐம்பது வாக்குகள் கொண்ட மாதிரி வாக்குப்பதிவும், முத்திரையிடும் முறையும், 17சி படிவமும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றோடு இதுவும் பழக்கப்படல் வேண்டும்: வந்த அழைப்பைத் துண்டித்து, முன்னரே கையிலுள்ள எண்ணில் மண்டல அலுவலரை அழைத்து உறுதிசெய்தபின்னரே செயற்படுதல். மெய்யான முறைகேட்டின் படத்தையும் ‘போலி’ எனத் தள்ளிவிடுவோர் உண்டாதலின், ஐயமும் அளவறிந்து கொள்ளத்தக்கதே.

இக்கருவியால் நன்மையும் உண்டு. நீண்ட கையேட்டில் வேண்டிய விதியை நொடியில் தேடித் தரும். பட்டியலில் இருமுறை வந்த பெயரைச் சுட்டும். ஆயினும் முகமது, முகம்மது, முஹம்மது என ஒரே பெயரை மூவகையாக எழுதுவோர் நாம். ஒருவரை இருவராகவும், இருவரை ஒருவராகவும் இயந்திரம் கொள்ளக்கூடும். அதன் பிழையால் ஓர் ஏழையின் வாக்குரிமை பறிபோதல் ஆகாது. பெயரை நீக்குமுன் உரியவர்க்கு விளக்கமளிக்க வாய்ப்புத் தருமாறு 1960ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகள் கூறுகின்றன. ஐயத்தை இயந்திரம் எழுப்பலாம். தீர்ப்பை மனிதரே, வீட்டு வாயிலில் நின்று விசாரித்து வழங்கவேண்டும்.

இவ்விசாரணை நமக்குப் புதியதன்று. நபிமொழிகளைத் தொகுத்த பேரறிஞர்கள், இதனைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தே ஏற்றனர். உ.வே. சாமிநாதையர் ஏடு பல தேடி ஒப்புநோக்கியே பாடம் துணிந்தார். அவர்தம் பொறுமையே இன்று தேர்தல் அலுவலர்க்கு வேண்டுவது.

தேர்தல் பணியேற்போருள் ஆசிரியர் பலர். இன்றைய மாணவர் பலர் நாளை அப்பணிக்குச் செல்வர். ஆதலின் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடைபெறும் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் ஒரு மணி நேரத்தையேனும் இதற்கென ஒதுக்குமாறு வேண்டுகிறோம். ஒரு மணி நேரப் பயிற்சி ஒரு நாள் குழப்பத்தைத் தவிர்க்கும்.