கீறல் ஒன்று போதும்

ஊசி மருந்து அடைத்த ஆம்பூலின் கழுத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு கீறல் இருக்கிறது. அந்த இடத்தைக் காட்ட மேலே ஒரு வண்ணப் புள்ளி. செவிலியர் புள்ளியைத் தம் பக்கமாகப் பிடித்துத் தலைப்பகுதியைப் பின்னோக்கித் தள்ளுகிறார். கழுத்து நேராக முறிகிறது. கழுத்தைச் சுற்றி யாரும் கீறவில்லை, அறுக்கவும் இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் சிறு கீறல், அதற்கு எதிர்ப்பக்கம் வளைப்பு, அவ்வளவே. ஊசி ஆம்பூல்களுக்கான ஐஎஸ்ஓ 9187 தரம், முறிப்பதற்கு எவ்வளவு விசை தேவைப்படலாம் என்பதற்கும் எல்லை வகுத்திருக்கிறது. பேகம்பேட்டை அடுத்த பாலாநகரில் ஐடிபிஎல் ஆலை எழுந்த 1960களிலிருந்து மருந்துத் தொழில் ஊன்றி வளர்ந்த நகரம் ஹைதராபாத். கண்ணாடிக் குழாயைப் பிரிக்கும் மிக நம்பகமான முறை இங்குள்ள மருத்துவமனைகளில் நாள்தோறும் செய்து காட்டப்படுகிறது. ஆனால், ஆய்வகக் கண்ணாடி செய்கிற நம் பட்டறைகளில், டயமண்ட் வீல் வந்ததிலிருந்து, பென்சில் பருமனுள்ள குழாயையும் வீலுக்கே கொண்டுபோகும் வழக்கம் பரவி வருகிறது. இந்த வழக்கம் தவறு என்பதே இந்த உரையின் வாதம். வெட்டும் முறையைக் கையருகே இருக்கும் கருவி தீர்மானிக்கக் கூடாது. வெட்டிய முனை அடுத்து என்ன ஆகப்போகிறது என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். நெருப்பில் வேறொரு குழாயோடு சேரப்போகிற முனை என்றால், ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் விட்டம் வரை, கீறி முறிப்பதே முதல் தெரிவாக இருக்க வேண்டும்.

கீறல் ஏன் வேலை செய்கிறது என்பதை 1921இல் ஏ. ஏ. கிரிஃபித் விளக்கினார். அணுக்களுக்கிடையிலான பிணைப்பைக் கொண்டு கணக்கிட்டால் கண்ணாடி தாங்க வேண்டிய இழுவிசைக்கும் அது உண்மையில் தாங்குவதற்கும் இடையே பெரும் வித்தியாசம் இருந்தது. கண்ணாடியில் ஏற்கெனவே உள்ள நுண்ணிய வெடிப்புகளின் முனையில் விசை குவிவதே காரணம் என்று அவர் காட்டினார். இழைகள் மெலிய மெலிய வலிமை கூடியதும் அதற்குச் சான்றாயிற்று. நம் தொழிலுக்கு இதன் பொருள் நேரடியானது. கீறலின் நீளம் அல்ல, அதன் ஆழமும் கூர்மையுமே முறிவைத் தொடங்கிவைக்கின்றன. டங்ஸ்டன் கார்பைடு கத்தியையோ முக்கோண அரத்தையோ அழுத்தி ஒரே இழுப்பில் போட்ட கீறலுக்கு அடியில் கூர்மையான ஒரு வெடிப்பு நேராக உள்ளிறங்குகிறது. அதே இடத்தில் அரத்தை முன்னும் பின்னும் தேய்த்தால் ஒன்று பலவாகிறது, பக்கவாட்டில் சில்லுகள் பெயர்கின்றன. முறிவு அவற்றில் எதைப் பிடித்துக்கொண்டு ஓடும் என்று சொல்லவே முடியாது. சுற்றளவில் கால்பங்குக்கும் குறைவான ஒரு கீறல் போதும். குழாயைச் சுற்றிவரக் கீறினால் முறிவு இன்னும் நேராக வரும் என்ற எண்ணம் புதியவர்களிடம் விடாப்பிடியாக இருக்கிறது. கைக்கீறல் தொடங்கிய இடத்துக்கே மிகச் சரியாகத் திரும்பி வருவதில்லை. சந்திக்காத அந்த இரண்டு முனைகளும் முறிந்த விளிம்பில் படிக்கட்டாக நிற்கின்றன.

கீறிய பிறகு கை செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. இரு கட்டைவிரல்களும் கீறலுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்க, வளைப்பதைக் காட்டிலும் இழுப்பது மிகுந்திருக்க வேண்டும். வளைப்பு மட்டும் என்றால் கீறிய பக்கம் இழுபடும்போது எதிர்ப்பக்கம் அமுங்குகிறது. ஓடிவரும் வெடிப்பு அந்த அமுங்கிய பகுதியை அடைந்ததும் திசை மாறி, உதடு போன்ற ஒரு நீட்டலை விட்டுப்போகிறது. ஊதுநர்கள் எல்லோருக்கும் பழக்கமான அந்த உதட்டைக் குழாயின் குறை என்று சொல்வது நியாயமல்ல. பெரும்பாலும் அது கையின் குறை. இழுப்பு சேர்ந்தால் எதிர்ப்பக்கமும் இழுவிசையில் நிற்கும், வெடிப்பு நேராகக் கடந்துவிடும். முறிக்கும்போது மணிக்கட்டு சற்றே திருகினாலும் இழுவிசையின் திசை சாய்ந்துவிடுகிறது. முறுக்கு விசை மட்டுமே இருந்தால் இழுவிசை குழாயின் அச்சுக்கு 45 டிகிரியில் நிற்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், திருகுச் சுருளாக முறிந்த குழாய்கள் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கும். முறிந்த முகத்தை ஒரு கைலென்ஸால் பார்ப்பது வழக்கமாக வேண்டும். கீறலை ஒட்டிக் கண்ணாடிபோலவே வழவழப்பான ஒரு பரப்பு, அடுத்து மங்கலான ஒரு வளையம், அதற்கப்பால் கரடுமுரடான வரிகள் என்று முறிவியல் அறிஞர்கள் பிரிக்கிற மூன்று பகுதிகளும் அங்கே தெரியும். வழவழப்பான பகுதி எவ்வளவு அகன்றிருக்கிறதோ அவ்வளவு குறைந்த விசையில் குழாய் முறிந்தது என்று பொருள். சுவர் முழுக்க வழவழவென்று இருந்தால் கீறல் சரியாக விழுந்திருக்கிறது. வரிகள் நிறைந்திருந்தால் கீறல் போதாமல் கை பலத்தால் உடைத்திருக்கிறோம். வேலை எப்படி நடந்தது என்பதை இவ்வளவு வெளிப்படையாகப் பதிந்துவைக்கும் பொருள் வேறு தொழில்களில் அரிது.

கீறலில் எச்சில் தொட்டு வைக்கும் பழைய பழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 1967இல் எஸ். எம். வீடர்ஹார்ன் வெளியிட்ட அளவீடுகள் அந்தப் பழக்கத்தின் பக்கமே நிற்கின்றன. சோடா கண்ணாடியில் ஒரே அளவு விசையின் கீழ் வெடிப்பு வளரும் வேகம், சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தைப் பொறுத்துப் பல மடங்கு கூடிக் குறைந்தது. இழுபட்டு நிற்கும் வெடிப்பின் முனையில் சிலிக்கனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பை நீர் மூலக்கூறு தாக்கி அறுக்கிறது. எச்சிலுக்குத் தனிப்பட்ட மகிமை ஏதுமில்லை, சுத்தமான தண்ணீரே போதும். எச்சிலின் உப்பும் புரதமும் பிறகு நெருப்பில் கருகிக் கறையாகலாம் என்பதால் தண்ணீரே மேல். தக்காணத்தின் ஏப்ரல், மே மாத வறண்ட காற்றில் வேலை செய்கிறவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஆகஸ்டு ஈரத்தில் காற்றே ஓரளவு செய்துகொடுக்கும் உதவியைக் கோடையில் ஒரு சொட்டுத் தண்ணீர்தான் செய்ய வேண்டும். கீறிய குழாயைக் கிடப்பில் போடவும் கூடாது. நேரம் ஆக ஆகக் கீறலைச் சுற்றிய இறுக்கம் தளர்ந்து, அதன் கூர்மை மழுங்குகிறது. ஐம்பது குழாய்களை வரிசையாகக் கீறிவைத்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு முறிக்கலாம் என்பது நேரத்தை மிச்சப்படுத்தும் வழியல்ல.

இனி வீலுக்கு வருவோம். டயமண்ட் வீல் கண்ணாடியைப் பிரிப்பதில்லை, எண்ணற்ற சிறு சில்லுகளாக நொறுக்கிக்கொண்டு முன்னேறுகிறது. தேய்த்த கண்ணாடிப் பரப்பை ஆராய்ந்த எஃப். டபிள்யூ. பிரெஸ்டன், கண்ணுக்குத் தெரியும் சொரசொரப்பைப்போல மூன்று நான்கு மடங்கு ஆழத்துக்கு அதன் அடியில் வெடிப்புகள் இறங்கியிருப்பதை 1922இலேயே எழுதிவிட்டார். வெட்டிய முனை வெளிப்பார்வைக்குச் சதுரமாக, மங்கலான வெண்மையோடு அழகாகவே இருக்கும். அந்த வெண்மையே சேதத்தின் அடையாளம். அந்த வெடிப்புகளுக்குள் நுண்பொடியும், வீலிலிருந்து உதிர்ந்த உலோகத் துகளும், குளிர்விக்கும் நீரின் கசடும் புகுந்து நிற்கின்றன. அப்படியே நெருப்பில் காட்டி இன்னொரு குழாயோடு சேர்த்தால் இணைப்பில் குமிழிகளும் மங்கலான ஒரு வளையமும் நிலைத்துவிடும். வெற்றிடத்தைத் தாங்க வேண்டிய இணைப்பில் அந்த வளையம் அழகுக் குறை மட்டுமல்ல. முறித்த முகத்தில் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. அது அந்த நொடி பிறந்த பரப்பு, வேறெந்தப் பொருளும் தொடாதது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் சில வலுவானவை. வீல் வேகமானது, ஒரே நீளத்தில் நூறு துண்டுகள் தரும் என்பது முதலாவது. நீளத்தைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் நீளத்தைத் தருவது வீல் அல்ல, அதோடு பூட்டிய நிறுத்துக்கட்டை. மேசையில் ஒரு நிறுத்துக்கட்டையும் நிலையாகப் பொருத்திய கார்பைடு கத்தியும் இருந்தால் கீறலும் ஒரே இடத்தில்தான் விழும். வேகத்தைக் கணக்கிடும்போது கழுவுவதும் உலர்த்துவதும் நெருப்பில் முனையை வழவழப்பாக்குவதும் சேர வேண்டும், சேர்த்தால் சிறு குழாய்களில் வீலின் லாபம் பெரும்பாலும் கரைந்துபோகிறது. கையால் முறிப்பதில் காயம் வரும் என்பது இரண்டாவது. இந்த அச்சம் நியாயமானது; துணி சுற்றாமல், கண் கவசம் அணியாமல் யாரும் முறிக்கக் கூடாது. ஆனாலும் ஆய்வகங்களில் கையைக் கிழிப்பதாக நன்கு அறியப்பட்ட செயல் வேறு: முனை வழவழப்பாக்கப்படாத குழாயை ரப்பர் அடைப்பானுக்குள் திணிப்பது. வீலில் வெட்டிய முனையும் அங்கே பாதுகாப்பானதல்ல. வீலைச் சுற்றிப் பறக்கும் நீர்த்திவலைகளில் கண்ணாடிப் பொடி கலந்திருப்பதையும் மறக்கக் கூடாது. கண்ணாடி படிக வடிவம் அல்லாதது என்பதால் குவார்ட்சுப் பொடியின் அளவுக்கு நுரையீரலைக் கெடுக்காது என்று சொல்லலாம். கண்ணுக்கும் மூச்சுக்கும் அது நல்லது என்று யாரும் சொல்ல முடியாது.

அகன்ற குழாய்களுக்கு என்ன செய்வது என்ற மூன்றாவது மறுப்பே மிகக் கனமானது. விட்டம் பெருகப் பெருகக் கையின் இழுப்பு சமமாகப் போய்ச் சேராது. அங்கே வெப்பம் கையின் வேலையை ஏற்கிறது. கீறலின் முனையில் உருகிய கண்ணாடிக் கோலின் நுனியைத் தொட்டு வெடிப்பை நடத்திச் செல்வது, அல்லது நிக்ரோம் கம்பியைச் சுற்றிச் சூடாக்கி ஈரத்துணியால் தொடுவது நாம் அறிந்த வழிகள். இவற்றின் எல்லையைக் கண்ணாடியின் விரிவு எண் வகுக்கிறது. சோடா கண்ணாடி ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய பத்து லட்சத்தில் 9 பங்கு விரிகிறது, ஆய்வகப் போரோசிலிகேட் 3.3 பங்குதான், உருகிய குவார்ட்சு அரைப் பங்குக்குச் சற்றே மேல். ஆகவே சோடா கண்ணாடியில் இலேசாக ஓடும் வெடிப்புக்குப் போரோசிலிகேட்டில் ஆழமான கீறலும் கூடுதல் சூடும் தேவை. குவார்ட்சில் வெப்ப முறை பயனற்றது, பெரிய குவார்ட்சுக் குழாய்க்கு வீலே சரி. தடித்த சுவருக்கும், தேய்த்துச் சமன்செய்யப்போகிற முகத்துக்கும் அப்படியே. வீலைப் பட்டறையை விட்டு வெளியேற்றச் சொல்லவில்லை. அதன் இடம் எது என்றுதான் பேசுகிறோம்.

ஆயத்தமாக வெட்டிய குழாயும் செய்துமுடித்த கண்ணாடிச் சாதனமும் மறுநாளே வந்து இறங்கும்போது இந்தக் கைத்திறன் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 1897 ஆகஸ்டு 20 அன்று பேகம்பேட்டில் ரொனால்ட் ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா நிறமியைக் கண்டபோது, நுண்ணோக்கியின் திருகுகள் வியர்வையில் துருப்பிடித்திருந்ததையும், மிச்சமிருந்த ஒரே கண்வில்லையில் விரிசல் விழுந்திருந்ததையும் அவரே பதிவுசெய்திருக்கிறார். அந்தக் கட்டடம் இன்று உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் ஒட்டுண்ணியியல் நிறுவனமாக அவர் பெயரோடு நிற்கிறது. உதிரிக்காகக் கப்பலை எதிர்பார்த்த அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் சுவரோடு பொருத்திய வெற்றிட இணைப்பு வரிசையில் ஒரு கிளைக்குழாயில் விரிசல் விழுந்தால், இன்றும் அதைக் கழற்றி வீலுக்குக் கொண்டுபோக முடியாது. வீலின் தண்ணீரை அதற்குள் விடவும் முடியாது. நின்ற இடத்திலேயே ஒரு கீறல், ஒரு சொட்டு நீர், தேவைப்பட்டால் உருகிய கோலின் நுனி. வேறு வழி கிடையாது. 1944இல் ஹைதராபாத் அரசின் மத்திய ஆய்வகமாகத் தொடங்கி இன்று தார்னாகாவில் ஐஐசிடியாக இயங்கும் நிறுவனம் முதல், ஜீடிமெட்லாவின் சிறு மருந்து ஆய்வகங்கள் வரை, கரிம வேதியியல் செய்கிற எந்த இடத்திலும் இந்தத் தேவை எழும்.

எனவே புதிதாகச் சேர்கிறவர்களின் பயிற்சி வீலில் தொடங்கக் கூடாது. 6, 8, 10 மில்லிமீட்டர் போரோசிலிகேட் குழாய்களை ஒரே இழுப்பில் கீறி முறித்து, இரு முகங்களையும் லென்ஸில் பார்த்து, உதடும் வரிகளும் ஏன் வந்தன என்று வாய்விட்டுச் சொல்லப் பழகிய பிறகே வீலைத் தொட அனுமதிக்க வேண்டும். முறித்த துண்டுகளைக் குப்பையில் போடாமல், நல்லதையும் கெட்டதையும் தேதியிட்டு ஒரு தட்டில் வைத்திருந்தால், மேற்பார்வை செய்யும் மூத்த ஊதுநர் கையின் பிழையைக் கண்ணாடியிலிருந்தே காட்டித் திருத்த முடியும். வீலில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற வேலைகளில், வெட்டிய முனையைத் தூரிகையால் கழுவி, முழுக்க உலர்த்தி, வெண்மை மறையும்வரை தனியாக நெருப்பில் உருக்கிவிட்டு, அதன் பிறகே இணைப்புக்கு எடுக்க வேண்டும். இந்த வரிசையைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய இடம் வீலின் அருகில் அல்ல, பர்னரின் அருகில்.